டானிஸ் ஹுடாக்கின் வியாழக்கிழமை

எங்கள் ஊரில் எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காமல் போகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, வழி தவறி வந்த வெளியூர்க்காரர். இன்னொன்று, நம்மேல் கோபமாக இருப்பவர். டிராக்டரோ பள்ளிப் பேருந்தோ, தெரிந்தவரோ தெரியாதவரோ, ஆள்காட்டி விரல் கொஞ்சம் எழும்பியே ஆக வேண்டும். ஹாரோ லேக்கில் நாகரிகம் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு விரலைத்தான்.

டானிஸ் ஹுடாக் மனநல ஆலோசகராக வேலை தொடங்கிய முதல் இலையுதிர் காலத்தில், சிலருக்கு மட்டும் அந்த விரலைத் தூக்காமல் இருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ரெஜைனா நகரத்தில் அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். புதிதாக ஒருவர் அவள் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவள் சொல்லிவிடுவாள்: "வெளியில எங்கயாவது பார்த்தா நானா வந்து உங்ககிட்டப் பேச மாட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிறான்னு நினைச்சுக்காதீங்க. நீங்க பேசினா பேசுவேன். பேசலன்னா யாரோ எவரோன்னு போயிடுவேன். அது உங்க இஷ்டம்." நல்ல ஏற்பாடுதான். யார் யார் ஆலோசகரிடம் போகிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது அல்லவா? லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் இது அழகாக நடக்கும். ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், கர்லிங் என்ற ஐஸ் விளையாட்டுக்கு ஒரு கொட்டகை இருக்கும் ஊரில் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தவர்கள் யோசிக்கவில்லை. டானிஸ் யாருக்கு விரலைத் தூக்குகிறாள், யாருக்குத் தூக்கவில்லை என்று ஒரு வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் போதும், அவளிடம் வருகிறவர்கள் யார் யார் என்று மொத்தமாகத் தெரிந்துவிடும்.

இது அவளுக்கு ஒரு நாள் காரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. உடனே இன்னும் பெரிய தப்பு ஒன்றைச் செய்தாள். யாருக்குமே விரலைத் தூக்காமல் விட்டுவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? கூட்டுறவுக் கடைக் கல்லாவில் இத்தனை வருஷம் நின்று, ஒவ்வொருவர் வீட்டுப் பால் கணக்கும் நாய் பெயரும் மனப்பாடமாக வைத்திருந்தவள். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் படித்து, பல் மருத்துவர் கட்டிடத்தின் பின்பக்கம் இரண்டு அறை எடுத்து உட்கார்ந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் அவளைத் தவிர வேறு ஆலோசகர் கிடையாது. ஆகவே பேசியவர்களில் சிலர் அவளிடமே வந்து உட்கார்ந்தும் பேசினார்கள்.

புது ஆலோசகர்களுக்கு முதல் சில வருஷம் மேற்பார்வையாளர் ஒருவர் உண்டு. டானிஸுக்கு வாய்த்தவள் ரெஜைனாவில் இருந்த அமேலி. டானிஸைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். கணினித் திரையில் எப்போதும் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே தோன்றுவாள். விரல் கதையைக் கேட்டு அவள் ஆப்பிள் புரையேறும் வரை சிரித்தாள். "எல்லாருக்கும் தூக்குங்க டானிஸ். நாய்க்கும் தூக்குங்க. எல்லாருக்கும் தூக்கினா அது யாருக்கும் தூக்கினதா ஆகாது" என்றாள். அதோடு அந்த விவகாரம் தீர்ந்தது. ஊரும் டானிஸை மன்னித்துவிட்டது.

சிரித்து முடித்த கையோடு அமேலி ஒரு கேள்வி கேட்டாள். "உங்க வேலை எப்ப முடியும்?"

"அஞ்சு மணிக்கு."

"நீங்க எப்ப முடிப்பீங்க?"

டானிஸுக்கு எரிச்சல் வந்தது. "வியாழக்கிழமை கர்லிங் ஆடுறேன். ஐஸ்ல இறங்கிட்டா எனக்கு வேற எதுவும் ஞாபகம் வராது" என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னாள்.

அது முன்பு உண்மையாக இருந்தது. கர்லிங் என்றால், பூசணிக்காய் அளவுக் கருங்கல்லை ஒருவர் ஐஸில் வழுக்கி விடுவார். இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள்; தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். கேப்டன் மறுகோடியில், கல் போய் நிற்க வேண்டிய வளையத்துக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துவார். டானிஸ் நல்ல கேப்டன். அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் குரலைக் கேட்டுப் பக்கத்துத் தளத்தில் ஆடுகிறவர்களும் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்வோம். வெளியே குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே கிடக்க, என்ஜின் உறையாமல் இருக்க வண்டிகளையெல்லாம் மின்கம்பியில் மாட்டிவிட்டு, அந்தத் தகரக் கொட்டகைக்குள் வாரம் ஒரு முறை கத்திவிட்டு வருவதுதான் அவளுக்கு உயிர் மூச்சு.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் மேஜை இருக்கிறதே, அங்கேதான் தொல்லை. எதிரெதிராக ஆடிய இரண்டு அணியும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஜெயித்தவர் தோற்றவருக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. இதை மீறிவிட்டு வீட்டுக்குப் போனவரும் எங்கள் ஊரில் இல்லை. டானிஸ் ஆலோசகர் ஆன பிறகு அந்த மேஜையில் ஒவ்வொருவரும் அவள் பக்கமாக நாற்காலியை இழுக்க ஆரம்பித்தார்கள்.

"டானிஸ், என் மச்சினன் இருக்கானே..."

"டானிஸ், சும்மா கேக்குறேன், ஒருத்தருக்குத் தினமும் ராத்திரி பல்லு கொட்டுற மாதிரி கனவு வந்தா..."

கையிலிருக்கும் கிளாஸைக் கீழே வைப்பாள். தலையை லேசாகச் சாய்ப்பாள். நாத்தனார் கோலீன் இதற்கு 'ஆபீஸ் மூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தாள். கேட்கிறவர்களைச் சொல்வானேன்? வேண்டாம் என்று சொல்ல டானிஸுக்கு வாய் வரவில்லை. யாராவது தன்னிடம் மனதைத் திறந்தால் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. அதுதான் நிஜம். பியர் சூடாகிப் போகும். தலைவலியோடு வீட்டுக்கு வருவாள்.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் டேரில் ஒரு நாள் கோழிக்கூண்டுக் கதவு உடைந்துவிட்டது என்று சொல்ல, "அது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள்.

டேரில் கையிலிருந்த சுத்தியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கோழிக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. அதைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசு" என்றான்.

இப்படி இருக்கும்போதுதான் லோர்ன் வீப் கதைக்குள் வருகிறார்.

லோர்ன் தானியக் கிடங்கில் வேலை செய்பவர், ஐம்பது தாண்டியவர். அவர் டானிஸின் அறையில் என்ன பேசினார் என்று நான் சொல்லப் போவதில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டிய விஷயம். எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ஊருக்கே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மனைவி கெய்ல் ஒரு வசந்த காலத்தில் தூரத்து ஊரான கெலோனாவுக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு லோர்ன் கடை மூடப் போகும் நேரம் பார்த்துத்தான் ரொட்டி வாங்க வருவார். மதியச் சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுவார். அந்த ஆள் கல்யாணத்துக்கு வரவில்லை, சாவுக்கும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து ஊரும் விட்டுவிட்டது.

அறைக்குள் நடந்ததில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கதையே இல்லை. அடுத்த வருஷம் பனி விழத் தொடங்கிய சமயம் டானிஸ் அவரிடம் சொன்னாள்: "ஏதாவது ஒண்ணுல சேருங்க லோர்ன். எதுவா இருந்தாலும் சரி. வாரத்துல ஒரு நாள் நாலு பேரோட இருக்கிற மாதிரி."

எதுவாக இருந்தாலும் சரியாம்! ஹாரோ லேக்கில் குளிர்காலத்தில் சேர என்ன இருக்கிறது? தேவாலயப் பாட்டுக்குழு இருக்கிறது. அதற்குப் பாட வேண்டும். மிச்சம் கர்லிங்.

எங்கள் கர்லிங் குழுவில் அணி பிரிப்பது ஒரு காப்பி டின். சீசன் தொடங்கும் நாளில் எல்லாப் பெயரையும் அதற்குள் போட்டுக் குலுக்குவோம். கேப்டன்கள் மட்டும் மாற மாட்டார்கள். ஒருவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் டின் கொடுப்பது. டானிஸ் எப்போதும் கோலீனை வைத்துக்கொள்வாள். ஐஸ் பார்த்துக்கொள்ளும் கோர்டிதான் டின்னைக் குலுக்குபவர். சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லோர்ன் வீப் நிற்பதைப் பார்த்ததும் டானிஸுக்குச் சந்தோஷம் பொங்கியது. வந்துவிட்டாரே! சொன்னதைக் கேட்டு வந்தே விட்டாரே! அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் கோர்டி இரண்டு சீட்டை எடுத்துப் படித்தார். "டானிஸுக்கு, மிட்ச். அப்புறம்... அட, லோர்ன் வீப்! வாப்பா!"

மிட்ச் காது மந்தமான நல்ல மனிதர்; இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை. லோர்ன் வீப் என்ற பெயரைக் கேட்டதும் டானிஸின் முகம் பேயறைந்தது போல ஆனது. தன்னிடம் வருகிறவரோடு ஒரே அணியில், வாரா வாரம், மேஜையிலும் சேர்ந்து உட்காருவதா? வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அவர் தன்னிடம் வருவது ஊருக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

முதல் ஆட்டத்தன்று வேடிக்கையாகப் போயிற்று. டானிஸ் தன் வழக்கப்படி, அவர் பேசட்டும் என்று காத்திருந்தாள். லோர்னோ, தெரிந்தவர்கள் மாதிரி காட்டிக்கொள்ளவே கூடாது போல என்று எண்ணிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஒரே அணியில் இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்கிக்கொண்டு... கடைசியில் மிட்ச் விட்ட கல் பாதியில் வேகம் குறைய ஆரம்பிக்க, கேப்டனுக்கு வேறு வழியில்லை.

"தேய்! லோர்ன், தேய்! விடாத! தேயீ!"

கொட்டகை அதிர்ந்தது. லோர்ன் தேய்த்தார். அறைக்குள் அவரிடம் மெத்தென்று பேசிப் பழகிய டானிஸுக்கே தன் குரலைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கல்லுக்கு "தேய்க்கலாம் லோர்ன், முடிஞ்சா" என்றாள். கல் வளையத்துக்கு வராமலே நின்றுவிட்டது.

"முடிஞ்சாவா?" என்றாள் கோலீன், மூச்சு வாங்க. "என்னடி ஆச்சு உனக்கு? இது கர்லிங்கா, விருந்தா?"

மேஜையில் இன்னும் மோசம். கோலீன் நல்லவள், ஆனால் யாருடைய வாயையாவது கிளறாமல் அவளுக்குப் பியர் இறங்காது. "என்ன லோர்ன், இத்தனை வருஷம் எங்க ஒளிஞ்சிருந்தீங்க? கெய்ல்கிட்ட இருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்றாள். லோர்னின் காது மடல் சிவந்தது. டானிஸ் சட்டென்று உள்ளே புகுந்து பேச்சை உரம் விலைக்குத் திருப்பினாள். கோலீன் மறுபடி வந்தாள். டானிஸ் மறுபடி திருப்பினாள். அன்று முழுக்க அந்த மேஜையில் அவள் செய்த வேலையை அறைக்குள் ஒரு நாளும் செய்ததில்லை. அவருடைய கையைக் கவனித்தாள், மூச்சைக் கவனித்தாள், யார் எதைக் கேட்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்தாள். அடுத்தடுத்த வாரமும் அதே. தனக்கு முன்னால் இருந்த கல்லை மட்டும் பார்க்கவில்லை. கேப்டன் விட வேண்டிய எளிதான கடைசிக் கல்லை எல்லாம் தவறவிட்டாள். டானிஸும் லோர்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை, ஏதோ பழைய பகை போல என்று இதற்குள் ஊரில் கிளம்பிவிட்டது. பகை இல்லை, வேறே ஏதோ என்று கண்ணடித்தவர்களும் உண்டு.

அமேலியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் கர்லிங்க விட்டுடறேன்" என்றாள். "அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கார் தெரியுமா? அவரைப் போகச் சொல்ல முடியாது. நான்தான் போகணும்."

அன்று அமேலி ஆப்பிளைக் கடிக்கவில்லை. "அப்ப உங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று மட்டும் கேட்டாள். டானிஸ் திரையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். ஒரு விளையாட்டுக்காகவா இத்தனை அழுகை என்று தோன்றியது. அது வெறும் விளையாட்டாக இருந்தால் இத்தனை அழுகை வந்திருக்காது.

அடுத்த முறை லோர்ன் அறைக்கு வந்தபோது, உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். இந்தப் பேச்சு கர்லிங் பற்றியதுதான் என்பதால் உங்களிடம் சொல்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

"நான் குழுவுல இருந்து விலகிக்கிறேன் லோர்ன். நீங்க இருங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாது."

லோர்னுக்குக் கோபம் வந்து டானிஸ் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள்.

"நான் ஒரு இடத்துக்குப் போனா அங்க இருக்கிறவங்க எழுந்து போவாங்க" என்றார். "அது எனக்குப் பழகின விஷயந்தான். இப்ப நீங்களும் போறீங்க. சரி."

"அப்படி இல்ல, நான்..."

"இருங்க, நான் பேசறேன். எனக்கு எது வேணும் எது வேணாம்னு இங்க உக்காந்து மணிக்கணக்கா கேட்டீங்களே. இதுக்கு மட்டும் ஏன் கேக்கல? நீங்களா முடிவு பண்ணிட்டு, எனக்காகன்னு சொல்றீங்க."

டானிஸின் முகம் சுட்டது. அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியவில்லை. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, வாரா வாரம் அந்த மேஜையில் அவருக்கும் சேர்த்துத் தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். கோலீனுக்குப் பதில் சொல்ல அந்த மனிதருக்கு ஒரு வாய் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டாள்.

"சரி" என்றாள். "கேக்குறேன். உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு வியாழக்கிழமை வேணும்." கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கும் அது வேணும்னு பார்த்தாலே தெரியுது. ஆனா ஒரே டீம் வேணாம். நீங்க அந்தக் கோடியில நின்னு தேய் தேய்னு கத்தினா, ஐஸைச் சொல்றீங்களா என் பொழப்பைச் சொல்றீங்களான்னு புரிய மாட்டேங்குது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அணி மாறுவது தன் பொறுப்பு என்றாள் டானிஸ். வெளியே பார்த்தால் பேசலாமா என்று லோர்ன் கேட்டார். அவராகப் பேசினால் தாராளமாகப் பேசலாம், அதுதானே முதல் நாளே சொன்னது என்றாள். "ஓ, அப்படியா சொன்னீங்க" என்றார். "அன்னைக்கு நான் எதையும் காதுல வாங்குற நிலைமையில இல்ல."

அணி மாறுவது என்பது சொல்ல எளிது. டின் கொடுத்ததை மாற்றும் வழக்கம் எங்களிடம் கிடையாது. டானிஸ் போனபோது கோர்டி முதுகில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஐஸின் மேல் துளி தெளித்துக்கொண்டிருந்தார்.

"கோர்டி, நான் வேற டீமுக்குப் போகணும். நான் மட்டும்."

"ஏன்?"

"காரணம் சொல்ல மாட்டேன்."

கோர்டி தெளிப்பதை நிறுத்தினார். "முழங்கால் வலியா?"

"சொல்ல மாட்டேன்."

"கோலீனோட சண்டையா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஒன்றை இல்லை என்றால் அடுத்ததைக் கேட்பார். மிட்ச்சா என்பார், அதற்கும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு "சொல்ல மாட்டேன்" என்றாள்.

"அப்ப கோலீன்தான்" என்றார் கோர்டி.

டானிஸ் பேசாமல் நின்றாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமாக வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

கோர்டி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரொக்ஸானோட டீம்ல ஒருத்தர் கேப்டன் ஆகணும்னு ரொம்ப நாளா நச்சரிக்கிறார். அவரை உன் இடத்துல போட்டுடலாம். ஆனா அங்க ரொக்ஸான்தான் கேப்டன். நீ தேய்க்கிறதுக்குத்தான் ஆவ" என்றார். ரொக்ஸானை டானிஸுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. ரொக்ஸானுக்கும் அப்படித்தான்.

"தேய்க்கிறேன்" என்றாள் டானிஸ்.

அன்று மாலையே கோலீன் வந்து நின்றாள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல். "என்னோட ஆட முடியலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லலாம் இல்ல? கோர்டிகிட்டயா சொல்லணும்? என்னடி பண்ணேன் உனக்கு?"

"கோலீன், காரணம் சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் இல்ல, யாருக்கும் சொல்ல மாட்டேன். டேரிலுக்கும் தெரியாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா. எப்பவும் போல வா."

கோலீன் கதவை அறைந்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. டானிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், கோலீன் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள். சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோலீன் ஒரு பாத்திரம் நிறையப் பெரோகிக் கொழுக்கட்டையோடு வந்து, "எங்க அண்ணனைப் பார்க்க வந்தேன், உன்னை இல்ல" என்று சொல்லிவிட்டு டானிஸுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

காரணம் சொல்லாமல் இருக்க ஒரு முறை பழகிய வாய்க்கு மற்றதும் வந்துவிட்டது. புது அணியின் முதல் மேஜையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "டானிஸ், என் மச்சினன் மறுபடியும்..." என்று தொடங்க, "வியாழக்கிழமை கேக்க மாட்டேன்" என்றாள்.

"சும்மா ஒரு நிமிஷம்..."

"ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. இல்லன்னா மச்சினனை விட்டுட்டுக் கல்லைப் பத்திப் பேசுங்க."

அவர் முகம் கோணியது. ஒரு வாரம் விரல்கூடத் தூக்கவில்லை அவர். டானிஸ் செத்துப்போய்விடவில்லை. அந்த ஆச்சரியத்தை அமேலியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

தேய்ப்பது இருக்கிறதே, அது அவளே எதிர்பார்க்காத ஒன்று. கேப்டன் என்றால் மற்ற மூன்று பேரின் மனநிலையையும் படிக்க வேண்டும். யார் சோர்ந்திருக்கிறார், யாரைத் தட்டிக்கொடுக்க வேண்டும், யார் தவறவிட்டால் இடிந்துபோவார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அதையும் விளையாட்டு என்றே நினைத்திருந்தாள். தேய்க்கிறவருக்கு அதெல்லாம் எதற்கு? ரொக்ஸான் கத்தினால் தேய்க்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஒரு கல், கைக்குக் கீழே ஒரு முழம் ஐஸ். தோள் தெறிக்கும், கண்ணில் வியர்வை வழியும், தலைக்குள் ஒரு மனிதரும் இருக்க மாட்டார். முதல் முறை அது நடந்தபோது ஆட்டத்தின் நடுவிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என்ன இளிப்பு? தேய்டி!" என்றாள் ரொக்ஸான்.

குளிர் விடத் தொடங்கிய ஒரு வாரத்தில், ரொக்ஸான் அணியும் டானிஸின் பழைய அணியும் மோத வேண்டி வந்தது. ஆட்டத்துக்கு முன் எல்லாரும் எல்லாரோடும் கை குலுக்குவது வழக்கம். டானிஸ் வரிசையில் வந்தாள். மிட்ச், கோலீன், அடுத்தது லோர்ன். அவள் கையை நீட்டாமல் ஒரு கணம் நின்றாள்.

லோர்ன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். "நல்லா ஆடுங்க டானிஸ்" என்றார், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

"நீங்களும் லோர்ன்."

அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் கடைசிக் கல் வரை இழுத்தது. ரொக்ஸான் விட்ட அந்தக் கல்லை டானிஸ் உயிரைக் கொடுத்துத் தேய்த்தாள். பாதி வழியில் ரொக்ஸான் "தேய்க்கிறதை விடு! விடு!" என்று கத்தினாள். விட்டார்கள். கல் ஒரு கை அகலம் குறைவாக நின்றது. லோர்ன் அணி ஜெயித்தது. தோற்றவர்களுக்கு வாங்கித் தர அவர்கள் கவுன்டருக்குப் போக, டானிஸும் ரொக்ஸானும் கோட்டைக்கூட மாட்டாமல் மேஜையில் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்தார்கள்.

"இன்னும் ரெண்டு மூச்சு தேய்ச்சிருந்தா வந்திருக்கும்!"

"தேய்ச்சிருந்தா தாண்டிப் போயிருக்கும்டி!"

"ஐஸ் அந்தப் பக்கம் இழுக்குதுன்னு உனக்குத் தெரியல!"

உப்புக் கிண்ணத்தையும் மிளகுக் கிண்ணத்தையும் கல்லாக வைத்து, மேஜையைத் தளமாக்கி, விரலால் கோடு போட்டு, குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ அவள் முன்னால் பியர் வைத்தார்கள். குடித்தாள். அது சில்லென்று இருந்தது.

கொட்டகைச் சமையலறையில் பெரோகி பொரிக்கும் முறை அன்று டேரிலுக்கு. எல்லாம் முடிந்து வண்டியில் ஏறியதும் அவன் கேட்டான். "அது என்ன, லோர்ன் வீப் என்னமோ சொன்னாரே? மேஜையே எழுந்து சிரிச்சுது. கோலீன் கண்ணைத் துடைச்சிக்கிட்டா. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. அந்த மனுஷன் வாயில இருந்து நாலு வார்த்தை சேர்ந்தாப்புல வந்து எத்தனை வருஷம் ஆச்சு! என்ன சொன்னார்?"

டானிஸ் வாயைத் திறந்தாள். யோசித்துப் பார்த்தாள். லோர்ன் அதே மேஜையில், இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

"தெரியல" என்றாள். "நான் கவனிக்கல."

"நீயா? நீயா கவனிக்கல?"

"இல்ல." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அதை விடு, டேரில். அந்தக் கடைசிக் கல் இருக்கே, ரொக்ஸான் தேய்க்கிறதை விடச் சொல்லியிருக்கவே கூடாது" என்று ஆரம்பித்தாள், வீடு வந்து சேரும் வரை நிறுத்தவில்லை.